சேதத்தின் காரணம்

எங்கள் பண்ணையில் எப்போதும் ஆண்டு 1886.
யூட்லாந்தின் மேற்குக் கரையில்
கடற்காற்று மட்டும் இதை ஒப்புக்கொள்வதில்லை;
நெடுஞ்சாலையின் டீசல் நெடியை
வேலி தாண்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும்.

காலை ஒன்பதுக்கு ராக்ன்ஹில்ட்
காரை நிறுத்தி, கடிகாரத்தைக் கழற்றி,
பண்ணைக்காரன் மனைவி ஆவாள்.
ஆஸ்கெர் கூலியாள், வாரத்தில் மூன்று நாள்.
மற்ற நாளெல்லாம் ஒரு பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறான்.
எனக்கு வேடம் இல்லை.
நான் பொருட்களுக்கு எண் எழுதுகிறவள்:
கலப்பைக்கு, வெண்ணெய் கடையும் பீப்பாய்க்கு,
எலி கடித்த ஒற்றை மரக்காலணிக்கு.
வெள்ளைப் பருத்திக் கையுறையோடு.

பசுவின் காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை.
அது அரசாங்கத்தின் எண், என்னுடையது அல்ல.
என்ன அது என்று கேட்கும் பிள்ளைகளிடம்
ஆஸ்கெர் சொல்வான்:
கம்மல்.

வியாழக்கிழமை, மழை விட்ட நேரம்,
இருபத்தாறு பிள்ளைகள் தொழுவத்துக்குள் நிற்கையில்
ஸ்டியர்னெவுக்குப் பனிக்குடம் உடைந்தது.
நெற்றிச் சுட்டிக்காரி. தலைச்சன் ஈற்று.
இரண்டு குளம்புகள் எட்டிப் பார்த்தன,
அடிப்பக்கம் கூரையை நோக்கியபடி.
பின்னங்கால், என்றான் ஆஸ்கெர்.
அதற்குமேல் அவனிடம் வசனம் இல்லை.

ராக்ன்ஹில்ட் முன்றானைப் பைக்குள் கைவிட்டு
கைபேசியை எடுத்தாள்.
மருத்துவர் வர நாற்பது நிமிடம்.
வெண்ணெய் கடைவதைப் பார்க்கலாம் வாங்க என்றாள் ஆசிரியை.
ஒரு பிள்ளையும் நகரவில்லை.

கயிறு, என்றாள் ராக்ன்ஹில்ட், என்னைப் பார்த்து.

1886-இல் தொழுவத்திலேயே தொங்கியிருக்கும்.
எங்கள் தொழுவத்தில் தொங்கியது கயிற்றின் படம்.
கயிறு என் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது:
"கன்று இழுக்கும் கயிறு. சணல். மூன்று புரி."
எடுப்பதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும்.
ஓடினேன்.
திரும்பி வரும் வழியில்தான் பார்த்தேன்,
கையுறை போடவில்லை.
பதினொரு வருடம் எண் போட்டுக் காத்த பொருள்
உள்ளங்கையில்
சும்மா ஒரு கயிறு மாதிரி இருந்தது.

சுருக்குப் போட்டு மூன்று பேர் இழுத்தோம்.
அறுந்தது.
சத்தம்கூட இல்லை, கொஞ்சம் தூசி,
அவ்வளவுதான்.
ஆஸ்கெர் சாணத்தில் உட்கார்ந்தான்.
சிலர் சிரித்தார்கள், ஒரு பையன் அழுதான்.
ஸ்டியர்னெ எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

வேலியோரம் புகைத்துக்கொண்டிருந்த
பேருந்து ஓட்டுநர் மிர்சாத்
யாரையும் கேட்கவில்லை.
பெட்டிகளைக் கட்டும் ஆரஞ்சு நைலான் பட்டையோடு வந்தான்.
சட்டைக் கையை அவன் மடித்த விதத்திலேயே தெரிந்தது,
இது அவனுக்கு முதல் கன்று இல்லை.
அவள் முக்கும்போது மட்டும் இழுங்கள், என்றான்,
கீழ்ப்பக்கமாக, அவசரப்படாமல்,
இப்போது அவசரமாக.

வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது,
நனைந்த கோட்டுப் போல, மூச்சில்லாமல்.
ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து
மூக்குக்குள் விட்டுக் குடைந்தான்.
கன்று அவன் மார்பு முழுக்கத் தும்மியது.
கிடேரி.

மருத்துவர் வந்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை;
காப்பி குடித்தார்.
மிர்சாத் பட்டையை அடிபம்பில் கழுவி
சுருட்டிப் பேருந்தில் வைத்தான்.
நாலேகாலுக்குப் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும்.
அதற்கு ஓர் எண் கொடுத்திருப்பேன்;
அவனுக்கு நாளைக்கும் வேண்டுமாம்.

எல்லோரும் போன பிறகு படிவத்தை எடுத்தேன்.
நிலை: இரண்டு துண்டு. ஈரம். சளி, கொஞ்சம் இரத்தம்.
சேதத்தின் காரணம்:
ஈரப்பதம், வெளிச்சம், பூச்சி, தீ, திருட்டு,
கவனமற்ற கையாளுகை.
கடைசிக் கட்டத்துக்கு மேலே பேனா
நெடுநேரம் நின்றது.
"மற்றவை" என்பதற்குப் பக்கத்தில் விரற்கடை இடம் விட்டிருந்தார்கள்.
அதில் எழுதினேன்:
வேலை.

அடுத்த செவ்வாய்
கன்றுக்கும் கம்மல் போட்டார்கள்.
காதைச் சொறிந்துகொண்டே
1886 முழுக்க ஓடியது.